பின்னத்தைத் தசமமாக மாற்றுவது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை காலையில், சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் இருக்கும் நாலைந்து பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வருவார்கள். பெரும்பாலும் தொடக்கநிலை 4 முதல் 6 வரை படிப்பவர்கள். அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் பாட்டிகளும் வாசலில் நின்றபடியே ஏதாவது ஒரு சந்தேகம் கேட்பார்கள். பிள்ளைகள் மாறினாலும் பின்னம், தசமம் பற்றிய கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப் போக.

பின்னம், தசமம் ரெண்டும் வேற வேற எண்ணா ஆன்ட்டி?

இல்லை, ஒரே எண்தான். 50 காசு நாணயத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை அரை வெள்ளி (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) என்றும் சொல்லலாம், 0.50 வெள்ளி என்றும் எழுதலாம். நாணயம் ஒன்றுதான். அதேபோல 20 காசு என்பது ஒரு வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1/5. தசமத்தில் 0.20.

பின்னத்தில் எத்தனை பங்காக வேண்டுமானாலும் பிரிக்கலாம்: மூன்று, எட்டு, பதினாறு. தசமத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. பத்து, நூறு, ஆயிரம் என்று பத்துப் பத்தாகத்தான் பிரிக்க வேண்டும். ஆக, மாற்றுவது என்றால் ஒரு பங்கைப் பத்திலும் நூறிலும் ஆயிரத்திலும் எவ்வளவு என்று திருப்பிச் சொல்வது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகவே புரியும்.

மேல இருக்கறத கீழ இருக்கறதால வகுக்கணுமா, இல்ல மாத்தியா?

மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுக்க வேண்டும். 3/8 என்றால் 3 ÷ 8. நடுவில் இருக்கும் கோடே வகுத்தல் குறிதான்.

பிள்ளைகள் மாற்றிப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வகுப்புகளில் அவர்கள் செய்த வகுத்தல் எல்லாம் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்ததுதான். அந்தப் பழக்கத்தில் 8 ÷ 3 என்று கை தானாகப் போகிறது. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: மூன்று பரோட்டாவை எட்டுப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு முழுப் பரோட்டா கிடைக்குமா? கிடைக்காது. அப்படியானால் விடை 1-க்குக் கீழே இருக்க வேண்டும். 2.666 என்று வந்தால் தலைகீழாக வகுத்துவிட்டோம் என்று அர்த்தம். விடை எழுதியதும் இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

பள்ளியில எல்லாம் இங்கிலீஷ்ல சொல்றாங்க. வீட்ல தமிழ்ல எப்படிச் சொல்லிக் கொடுக்கறது அக்கா?

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பிள்ளைகள் நியூமரேட்டர், டினாமினேட்டர் என்பார்கள். இந்தப் பக்கத்தில் நான் தொகுதி, பகுதி என்றே எழுதுகிறேன். வகுத்து வருவது ஈவு, மிஞ்சுவது மீதி. இவ்வளவு போதும். இரண்டு மொழியிலும் பெயர் தெரிந்த பிள்ளைக்குக் குழப்பம் வராது. ஒரு முறை வீட்டில் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பாடம் எங்கே புரிந்தது, எங்கே புரியவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

3 ÷ 8-னா மூணுல எட்டு போகாதே! அங்கயே மாட்டிக்கிறோம்.

போகாதுதான். அதனால் சில்லறை மாற்ற வேண்டும். மூன்று வெள்ளியை எட்டுப் பேருக்குப் பிரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழு வெள்ளியாக ஆளுக்கு ஒன்றும் கொடுக்க முடியாது. எனவே முதலில் 0 எழுதி, புள்ளி வைக்கிறோம். இப்போது 3 வெள்ளியை 30 பத்துக்காசு நாணயங்களாக மாற்றுங்கள். ஆளுக்கு 3 நாணயம் கொடுத்தால் 24 போய்விடும், மீதி 6. புள்ளிக்கு அடுத்து 3.

மிஞ்சிய 6 பத்துக்காசை 60 ஒருகாசாக மாற்றுங்கள். ஆளுக்கு 7 கொடுத்தால் 56 போகும், மீதி 4 காசு. அடுத்த இடத்தில் 7. காசுக்குக் கீழே நாணயம் கிடையாது, ஆனால் எண்ணுக்கு உண்டு. 4 காசு என்பது ஒரு வெள்ளியின் ஆயிரத்தில் ஒரு பங்காக 40. ஆளுக்கு 5 கொடுத்தால் மீதி ஒன்றும் இல்லை. ஆக 3/8 = 0.375.

வகுக்கும்போது மீதிக்குப் பக்கத்தில் பூஜ்யம் சேர்க்கிறோமே, அது வெறும் விதியில்லை. ஒவ்வொரு பூஜ்யமும் ஒரு தடவை சில்லறை மாற்றுவது. காரணம் சொல்லாமல் பூஜ்யத்தை மட்டும் சேர்க்கச் சொன்னால் பிள்ளை அடுத்த வாரமே மறந்துவிடுகிறது. சில்லறைக் கதையைச் சொன்னால் மறப்பதில்லை. இதை நான் பல முறை பார்த்துவிட்டேன்.

வகுக்காமலே செய்ய வழி இருக்கா? பிஎஸ்எல்இ (தொடக்கநிலை 6 முடிவுத் தேர்வு) முதல் தாள்ல கால்குலேட்டர் கிடையாதே.

இருக்கிறது, பல நேரம் அதுதான் வேகமான வழியும்கூட. பகுதியை 10, 100 அல்லது 1000 ஆக்க முடியுமா என்று பாருங்கள். 7/20-இல் பகுதியை 5-ஆல் பெருக்கினால் 100. தொகுதியையும் 5-ஆல் பெருக்க 35/100, அதாவது 0.35. 11/25-ஐ மேலும் கீழும் 4-ஆல் பெருக்கினால் 44/100, அதாவது 0.44. 5/8-க்கு 125-ஆல் பெருக்க வேண்டும்: 625/1000 = 0.625.

எட்டில் ஒன்று மறந்துபோனால் பதற வேண்டாம். கால் என்பது 0.25, அதில் பாதி 0.125. 7/8 வேண்டுமானால் 1-இலிருந்து 0.125-ஐக் கழித்தால் 0.875. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றை எடுப்பதைத்தான் நான் பழக்குகிறேன். நீளமான பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1/2, 1/4, 1/5, 1/8, 1/20, 1/25 இந்த ஆறும் நாக்கில் நின்றால் போதும்.

7/100-ஐ 0.7-னு எழுதினா ஏன் தப்பு?

0.7 என்பது பத்தில் ஏழு. நூறில் ஏழு என்றால் புள்ளிக்கு அடுத்த பத்தாம் இடம் காலி. அந்தக் காலி இடத்தைப் பூஜ்யம் போட்டுக் காட்ட வேண்டும்: 0.07.

கடை ரசீதை வைத்துச் சொன்னால் உடனே புரியும். 2024 ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரி 9 விழுக்காடு, அதாவது 9/100. வரிக்கு முன் 20 வெள்ளி ஆன சாப்பாட்டுக்கு 20 × 0.09 = 1 வெள்ளி 80 காசு வரி. அதையே 0.9 என்று போட்டால் வரி மட்டும் 18 வெள்ளி ஆகிவிடும்! ஒரு பூஜ்யம் அவ்வளவு செய்யும்.

ரெண்டே முக்கால் மாதிரி கலப்புப் பின்னம் வந்தா?

முழு எண்ணைத் தொடவே வேண்டாம். 2 அப்படியே இருக்கட்டும், 3/4-ஐ மட்டும் 0.75 ஆக்கிச் சேர்த்தால் 2.75. 17/5 போலத் தொகுதி பெரிதாக இருந்தால் முதலில் 3 முழு, மீதி 2/5 என்று பிரித்துக்கொள்ளுங்கள்: 3.4.

0.125 பெரிசா, 0.5 பெரிசா? 125 தானே பெரிசு?

0.5-தான் பெரிது. இரண்டையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள்: 0.125, 0.500. ஆயிரத்தில் 125 பங்கு, ஆயிரத்தில் 500 பங்கு. இனிச் சந்தேகம் வராது.

இந்தத் தவறுக்குப் பணமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2.50-ஐ ‘இரண்டு வெள்ளி ஐம்பது காசு’ என்று படிக்கிறோம். புள்ளிக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் இன்னோர் எண் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. அப்புறம் 2.5-ஐப் பார்த்தால் ‘இரண்டு வெள்ளி ஐந்து காசு’ என்று சொல்கிறது. சில்லறைக் கணக்கில் நான் பணத்தைத்தான் பயன்படுத்தினேன், அது நல்ல கருவிதான். ஆனால் எண்ணைப் படிக்கும்போது மட்டும் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வையுங்கள்: பூஜ்யம் புள்ளி ஒன்று இரண்டு ஐந்து. ‘புள்ளி நூற்று இருபத்தைந்து’ வேண்டவே வேண்டாம்.

1/3-ஐ வகுத்தா முடியவே மாட்டேங்குது. நான் எங்கயாவது தப்புப் பண்றேனா?

தப்பே இல்லை. 10-இல் 3 மூன்று தடவை போகும், மீதி 1. மறுபடி 10, மறுபடி மீதி 1. அதே மீதி திரும்பி வந்தால் அதே இலக்கமும் திரும்பி வரும். எத்தனை பக்கம் எழுதினாலும் 0.3333… என்று 3 மட்டுமே வரும். இதற்குச் சுழல் தசமம் என்று பெயர். திரும்ப வரும் இலக்கத்தின் தலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்துச் சுருக்கமாகவும் எழுதுவார்கள்.

எது முடியும், எது முடியாதுன்னு வகுக்கறதுக்கு முன்னாடியே சொல்ல முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில் பின்னத்தைச் சுருக்குங்கள். பிறகு பகுதியைப் பகா எண்களாக உடையுங்கள். 2-உம் 5-உம் மட்டுமே இருந்தால் தசமம் முடிந்துவிடும். 3, 7, 11 என்று வேறு எது ஒன்று இருந்தாலும் முடியாது.

ஏன் என்றால், தசமத்தில் நமக்குக் கிடைக்கும் பகுதிகள் 10, 100, 1000 மட்டும்தான். 10 என்பது 2 × 5. 100-இல் இரண்டு 2, இரண்டு 5. எத்தனை பூஜ்யம் சேர்த்தாலும் உள்ளே 2-உம் 5-உம் தவிர வேறு எதுவும் கிடையாது. 3-ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் அது 10-ஆகவோ 1000-ஆகவோ ஆகாது. மேலே சொன்ன ‘வகுக்காமல் மாற்றும் வழி’ 1/3-க்கு ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

எத்தனை இலக்கத்தில் முடியும் என்றும் சொல்லலாம். 40 = 2 × 2 × 2 × 5. மூன்று 2, ஒரு 5. எது அதிகமோ அத்தனை இலக்கம், அதாவது மூன்று: 7/40 = 0.175. ஆனால் சுருக்க மறந்தால் ஏமாந்துவிடுவீர்கள். 6/15-இல் பகுதிக்குள் 3 இருக்கிறதே என்று முடியாது எனச் சொல்லிவிடக் கூடாது. சுருக்கினால் 2/5, விடை 0.4.

என் மாமியார் வீசம், மாகாணின்னு கணக்குச் சொல்வாங்க. அதையெல்லாம் தசமத்துல எழுத முடியுமா?

அழகாக எழுதலாம். அரைக்கால் என்பது 1/8, தசமத்தில் 0.125. வீசம் என்றாலும் மாகாணி என்றாலும் 1/16, அதாவது 0.0625. மா என்பது 1/20, 0.05. காணி 1/80, 0.0125. முந்திரி 1/320, 0.003125.

இப்போது மாவையும் காணியையும் கூட்டிப் பாருங்கள். 0.05 + 0.0125 = 0.0625. மா, காணி இரண்டும் சேர்ந்தது மாகாணி! பெயரிலேயே கூட்டல் இருக்கிறது. இதை ஒரு பாட்டியிடம் காட்டியபோது, சின்ன வயதில் ஒப்பித்த வாய்பாட்டை அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பேரன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: 8, 16, 20, 80, 320 எல்லாமே 2-உம் 5-உம் மட்டும் சேர்ந்த எண்கள். அதனால்தான் முந்தைய கேள்வியில் சொன்னபடி எல்லாத் தசமமும் முடிந்துவிடுகிறது. 320-இல் ஆறு 2, ஒரு 5. முந்திரிக்கு ஆறு இலக்கம், எண்ணிப் பாருங்கள்.

ஊரில் அணாக் கணக்குப் பார்த்தவர்களுக்கும் இது பழக்கமானதே. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஆகவே ஓர் அணா என்பது ஒரு ரூபாயில் வீசம். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியா நூறு காசுக் கணக்குக்கு மாறியபோது ஓர் அணா 6.25 நயா பைசா ஆனது. கால் ரூபாய்க்கு 4 அணா, சரியாக 25 பைசா வந்தது. ஓர் அணாவுக்குத்தான் இழுபறி. சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் வரவில்லை. இங்கே ஒரு வெள்ளிக்கு நூறு காசு என்பது பிரிட்டிஷ் காலத்திலேயே இருந்தது.

1/7-ல ஒரு ஒழுங்கும் இல்லையே ஆன்ட்டி?

இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வகுத்தால் தெரியும். 1/7 = 0.142857142857… ஆறு இலக்கம் கழித்து அதே வரிசை திரும்புகிறது. 7-ஆல் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் 1 முதல் 6 வரை மட்டும்தான். மீதி 0 வராது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே ஆறு தடவைக்குள் ஏதாவது ஒரு மீதி திரும்ப வந்தே ஆக வேண்டும். வந்த கணத்தில் சுழற்சி தொடங்கிவிடும்.

2/7-ஐயும் வகுத்துப் பாருங்கள்: 0.285714… அதே ஆறு இலக்கங்கள், வேறோர் இடத்தில் தொடங்குகின்றன. வட்டக் கணக்கில் வரும் 22/7-ம் இதன் உறவுதான், 3.142857… இது பையின் (π) சரியான மதிப்பு இல்லை, நெருங்கிய மதிப்பு. 3.14-ம் அப்படியே. இரண்டும் சற்று வேறு வேறு விடை தரும், அதனால் கேள்வியில் எதைப் போடச் சொல்லியிருக்கிறதோ அதையே போட வேண்டும்.

0.67-னு போட்டுத்தானே கணக்குப் பண்ணேன், விடை ஏன் தப்பு?

2/3-இன் 0.666…-ஐ நடுவிலேயே இரண்டு இலக்கத்தோடு சுருக்கிவிட்டதால். 840 வெள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? 840-ஐ 3-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 560. அதையே 840 × 0.67 என்று போட்டால் 562.80. இரண்டு வெள்ளி 80 காசு எங்கிருந்தோ வந்துவிட்டது. 0.66 போட்டால் 554.40, அதுவும் தப்பு.

முடியாத தசமம் என்று தெரிந்தால் கடைசி வரி வரைக்கும் பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் ‘இரண்டு தசம இடத்துக்கு’ என்று இருந்தால் கடைசி விடையை மட்டும் சுருக்குங்கள், மூன்றாம் இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் முந்தைய இலக்கத்தில் ஒன்று கூடும். இந்த ஒரு பழக்கத்தால் மதிப்பெண் இழக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர். முறை சரி, புரிதல் சரி, நடுவில் ஒரு 0.67. எனக்கு மனசு ஆறுவதில்லை.

ரெண்டு மணி இருபது நிமிஷம் ஓவர்டைம் பார்த்தேன். 2.20-னு எழுதலாமா அக்கா?

கூடாது தம்பி, நஷ்டம் உங்களுக்குத்தான். ஒரு மணிக்கு 60 நிமிடம், 100 இல்லை. 20 நிமிடம் என்பது 20/60, சுருக்கினால் 1/3. ஆக 2.333… மணி. மணிக்கு 12 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2.20 என்று போட்டால் 26.40, சரியாகப் போட்டால் 28 வெள்ளி. ஒரு நாளைக்கே 1 வெள்ளி 60 காசு போகிறது.

15 நிமிடம் 0.25, 30 நிமிடம் 0.5, 45 நிமிடம் 0.75. ஆறு நிமிடத்துக்கு 0.1 என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் 12, 18, 24 எல்லாம் சுலபமாக வந்துவிடும். சம்பளத் தாளில் மணி நேரம் தசமத்தில் போட்டிருந்தால் நீங்கள் குறித்து வைத்த நிமிடங்களோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு மாதமும் பாருங்கள்.

5/16 இஞ்ச் ட்ரில் பிட் கேக்கறாங்க. என்கிட்ட 8 மில்லிமீட்டர்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

மிக நெருக்கம், ஆனால் ஒன்றில்லை. 5 ÷ 16 = 0.3125 இஞ்ச். ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். பெருக்கினால் 7.9375 மில்லிமீட்டர். உங்கள் பிட் 0.0625 மில்லிமீட்டர் பெரிது. துளை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது அது, சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இஞ்ச் அளவுகள் பாதி, கால், அரைக்கால், வீசம் என்றே போவதால் எல்லாத் தசமமும் முடியும். 3/8 பெரியதா 5/16 பெரியதா என்று குழம்பினாலும் தசமம் உதவும்: 0.375, 0.3125.

கால்குலேட்டர்ல 2 ÷ 3 போட்டா கடைசியில மட்டும் 7 வருதே?

திரையில் இடம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். 0.6666666667 என்று கடைசி இலக்கத்தைச் சுருக்கிக் காட்டுகிறது. அந்த 7-ஐ விடையாக எழுதிவிட வேண்டாம்.

0.333…-ஐ மூணால பெருக்கினா 0.999… தானே வருது? ஆனா 1/3-ஐ மூணால பெருக்கினா 1. மிச்சம் எங்க போச்சு?

தொடக்கநிலை 6 பையன் ஒருவன் கேட்டது. மிச்சம் எங்கேயும் போகவில்லை. 0.999… என்பதும் 1 என்பதும் ஒரே எண். முதல் கேள்வியில் அரை வெள்ளிக்கு இரண்டு எழுத்து முறை பார்த்தோமே, அதேபோல 1-க்கும் இரண்டு எழுத்து முறை. 0.999…-ஐ 10-ஆல் பெருக்கினால் 9.999… அதிலிருந்து பழைய 0.999…-ஐக் கழித்தால் சரியாக 9 மிஞ்சும். பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கு போனால் ஒன்பது மடங்கு. ஒன்பது மடங்கு 9 என்றால் ஒரு மடங்கு 1.

அவனுக்குத் திருப்தி இல்லை. ‘கொஞ்சூண்டாவது இடைவெளி இருக்குமே ஆன்ட்டி’ என்றான். சரி, அந்த இடைவெளியில் இருக்கும் ஓர் எண்ணை எழுதிக் காட்டு என்று பேனாவைக் கொடுத்தேன். 0.9999 என்று எழுதினான், அது 0.999…-ஐவிடச் சின்னது. இன்னும் நாலு 9 சேர்த்தான், அதுவும் சின்னது. அம்மா கூப்பிட வரும்வரை முயற்சி செய்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.